கார்க் கதவு வயரிங்: கண்ணாடி மோட்டார், லாக் பின்களை மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

இணையத்தில் கிடைத்த, கனெக்டர் பின்களைக் காட்டும் படத்தை நம்பி வயரை வெட்டுவதில்தான் கதவு வேலையின் பெரும்பாலான சேதம் தொடங்குகிறது. சிங்கப்பூர் கார்களில் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். நம் ஸ்டியரிங் வலப்பக்கம். தேடினால் முதலில் வரும் படங்கள் பலவும் அமெரிக்க வண்டிகளுடையவை, அங்கே ஓட்டுநர் கதவு இடப்பக்கம். ஏஜெண்ட் விற்ற காரும், பேரலல் இம்போர்ட்டாக (ஏஜெண்ட் அல்லாத வியாபாரி வழியாக) ஜப்பானிலிருந்து வந்த காரும் பெயரளவில் ஒன்றாக இருக்கலாம். கதவுக்குள்ளே இருக்கும் கனெக்டரும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே படம் எந்தத் திசையில் தேட வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். எந்தப் பின் எது என்று உறுதி செய்ய வேண்டியது மீட்டரும் ஒரு பல்பும்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் கார், வேன்களுக்கு. லாரி, பஸ் என்றால் முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தால் அது 24 வோல்ட். 12 வோல்ட் சென்ட்ரல் லாக் கிட்டை அதில் மாட்டினால் முதல் தடவையே புகை வரும்.

கதவு பேனலைக் கழற்றுமுன்

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டொயோட்டாவில் குறைந்தது 90 விநாடி, ஹோண்டாவில் 3 நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் யூனிட்டில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்கான நேரம் இது. சில கார்களில் பக்க ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அதில் மீட்டரும் வேண்டாம், டெஸ்ட் லேம்பும் வேண்டாம். அதைக் கழற்றிய நிலையில் சாவியை ஆன் செய்தால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் போகும்.

பெரும்பாலான சோதனைகளுக்குக் கரண்ட் தேவை. அதனால் பேனலைக் கழற்றியதும், மஞ்சள் கனெக்டர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு பேட்டரியைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கண்ணாடி ஓடும் பாதையில் கை வைக்காதீர்கள். கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரின் கத்தரிக் கரங்களுக்கும் விரலுக்கும் இடையே சமரசம் கிடையாது.

வேண்டியவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் சாலிடர் செய்து தயாரித்த டெஸ்ட் லேம்ப், பிளாஸ்டிக் டிரிம் கருவி, கனெக்டரின் பின்பக்கம் நுழைக்க மெல்லிய குண்டூசி, நல்ல கிரிம்பிங் பிளையர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப், துணி டேப். கறுப்பு பிவிசி டேப் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் கதவுக்குள்ளே அது சில மாதத்தில் பிசின்போல உருகிக் கழன்றுவிடும். ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), டெர்மினல், டியூப் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். கனெக்டர் ஓடுகள் தனியாகக் கிடைப்பது அரிது. ஸ்கிராப் ஆன அதே மாடல் காரிலிருந்து ஒரு சாண் வயரோடு வெட்டி வாங்குவது நல்லது.

பல்பு எதற்கு, மீட்டர் போதாதா என்று கேட்கலாம். ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுப்பதில்லை. 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். அழுகிய வயர் அந்தச் சுமையைத் தாங்காமல் பல்பை மங்கலாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த படம்?

பின் எண்ணைப் படிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கனெக்டரை முகப்பிலிருந்து பார்த்தால் இடதில் இருக்கும் பின், வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வலதில் இருக்கும். டொயோட்டா படங்களில் பெண் (துளை உள்ள) கனெக்டர் மேல் வரிசையின் இடப்பக்கத்திலிருந்து கீழ் வரிசையின் வலப்பக்கம் வரை எண்ணப்படும். ஆண் (முள் உள்ள) கனெக்டரில் மேல் வலப்பக்கத்திலிருந்து கீழ் இடப்பக்கம். இரண்டும் இணையும் முகத்தைப் பார்த்து எண்ணியவை. ஹோண்டா கையேடு வேறு வழி. பெண் டெர்மினல்களை வயர் பக்கத்திலிருந்து பார்த்த படம், ஆண் டெர்மினல்களை முனைப் பக்கத்திலிருந்து பார்த்த படம் என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருப்பார்கள். அந்தச் சின்ன வரியைத் தாண்டிப் போனால் 1-ஆம் பின்னும் அதே வரிசையின் கடைசிப் பின்னும் இடம் மாறிவிடும். எந்தப் பக்கம் என்று சொல்லாத படத்தை வைத்து எதையும் வெட்டாதீர்கள். பல கனெக்டர்களில் ஓரப் பின்களுக்கு அருகில் நுண்ணிய எண் அச்சாகியிருக்கும், கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

நிறக் குறிகளும் இதேபோல் ஏமாற்றும். டொயோட்டாவில் எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த பாடி இணைப்பு) பெரும்பாலும் வெள்ளையில் கறுப்புக் கோடு. ஹோண்டாவில் கறுப்பு. ஜெர்மன் கார்களில் பழுப்பு. கறுப்பு என்றாலே எர்த் என்ற பழக்கத்தோடு பழைய ஃபோக்ஸ்வாகனில் கை வைத்தால், அங்கே கறுப்பு சாவி ஆன் ஆனதும் வரும் 12 வோல்ட் லைன். அதை பாடியில் தொட்டுவிட்டால் ஃபியூஸ் போகும். ஜப்பானியப் படங்களில் எல் (L) என்ற எழுத்து நீலத்தைக் குறிக்கும், பி (B) என்றால் கறுப்பு. இரண்டு எழுத்து வந்தால் முதலாவது வயரின் நிறம், இரண்டாவது கோட்டின் நிறம்.

மீட்டர் முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியக் கதவுக் கனெக்டர்களில் 2.3 மி.மீ. அகல முனைகள் சாதாரணம், சிக்னல் வயர்களில் இன்னும் சிறியவை. தடித்த மீட்டர் கம்பியைப் பெண் டெர்மினலுக்குள் திணித்தால் அதன் நாக்கு விரிந்துவிடும். அன்றைக்கு எல்லாம் சரியாக வேலை செய்யும். ஒரு மாதம் கழித்து, கதவை ஓங்கி மூடும்போது மட்டும் கண்ணாடி நின்றுபோகும். பின்பக்கமாகக் குண்டூசியை நுழைத்து அளப்பதே பாதுகாப்பு.

கண்ணாடி மோட்டார்: ஐந்து பின் சுவிட்சின் உள்ளே

ஒரே அழுத்தலில் முழுசாக ஏறி இறங்கும் ஆட்டோ வசதி இல்லாத பயணிகள் கதவு மோட்டாருக்கு இரண்டே வயர். ஒன்றில் பிளஸ், மற்றதில் எர்த் கொடுத்தால் கண்ணாடி ஏறும், மாற்றிக் கொடுத்தால் இறங்கும். பலர் தடுமாறுவது அந்த எர்த் எங்கிருந்து வருகிறது என்பதில்தான். பழைய முறை வயரிங்கில் பயணிகள் கதவுக்குள் மோட்டாருக்கென்று தனி எர்த் கிடையாது. சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் பயணிகள் சுவிட்ச் வழியாக ஓட்டுநர் கதவின் மாஸ்டர் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்துதான் எர்த் ஆகின்றன.

டொயோட்டா வகையில் பயணிகள் சுவிட்சின் ஐந்து முனைகளுக்குப் பெயர்: பி (B), யூ (U), டி (D), எஸ்யூ (SU), எஸ்டி (SD). எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், வேலை மாறாது. பி என்பது சாவி ஆன் ஆனதும் வரும் 12 வோல்ட். யூ, டி இரண்டும் மோட்டாருக்குப் போகின்றன. எஸ்யூ, எஸ்டி இரண்டும் மாஸ்டருக்குப் போகின்றன. சுவிட்சை விட்டிருக்கும்போது யூ-வும் எஸ்யூ-வும் சேர்ந்திருக்கும், டி-யும் எஸ்டி-யும் சேர்ந்திருக்கும். மேலே இழுத்தால் யூ மட்டும் எஸ்யூ-விடமிருந்து பிரிந்து பி-யோடு சேரும். கீழே அழுத்தினால் டி மட்டும் பிரிந்து பி-யோடு சேரும்.

சுவிட்சைக் கழற்றி மீட்டரின் பீப் நிலையில் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். எதையும் அழுத்தாமல் பீப் வரும் ஜோடிகளைத் தேடுங்கள், இரண்டு ஜோடி கிடைக்கும். எந்த ஜோடியிலும் சேராத ஒற்றை முனைதான் பி. மேலே இழுத்துப் பிடித்தபடி பி-யோடு பீப் வரும் முனை யூ. அதன் ஜோடி எஸ்யூ. கீழே அழுத்தியபடி பி-யோடு சேர்வது டி, அதன் ஜோடி எஸ்டி. சுவிட்சுக்குள் விளக்கு இருந்தால் ஆறாவது, ஏழாவது பின் இருக்கலாம். அவை இந்த ஐந்தில் எதனோடும் பூஜ்ய ஓமில் சேராது.

இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால், பேனலைக் கழற்றாமலேயே எந்த வயர் அறுந்தது என்று சொல்லிவிடலாம். உள்ளே உட்கார்ந்து நான்கே நான்கு தடவை அழுத்திப் பாருங்கள்: பயணிகள் சுவிட்சில் மேலே, கீழே, மாஸ்டரில் அதே கண்ணாடிக்கு மேலே, கீழே.

மாஸ்டரில் இரண்டும் வேலை செய்து, பயணிகள் சுவிட்சில் இரண்டுமே செத்திருந்தால் பி-யில் கரண்ட் வரவில்லை, அல்லது சுவிட்ச் போய்விட்டது. பயணிகள் சுவிட்சில் கீழே மட்டும் இறங்கி, மற்ற மூன்றும் செத்திருந்தால் எஸ்டி வயர் அறுந்திருக்கிறது: ஏறுவதற்கு அந்த வயர்தான் எர்த், மாஸ்டரிலிருந்து இறக்குவதற்கு அதே வயர்தான் பிளஸ். அதேபோல் பயணிகள் சுவிட்சில் மேலே மட்டும் ஏறி மற்றது எதுவும் நடக்காவிட்டால் எஸ்யூ அறுந்திருக்கிறது. நான்கும் செத்திருந்தால் மோட்டார், மோட்டார் கனெக்டர், யூ அல்லது டி. எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் பயணிகள் பக்கம் போகவே வேண்டாம். ஃபியூஸ், பவர் விண்டோ ரிலே, மாஸ்டர் சுவிட்சின் எர்த் வயர், இந்த மூன்றில் ஒன்றுதான்.

மாஸ்டரில் இருக்கும் விண்டோ லாக் பட்டனை முதலில் பார்த்துவிடுங்கள். சில மாடலில் அது பயணிகள் சுவிட்சுக்கான பிளஸை வெட்டும், சிலவற்றில் எர்த்தை வெட்டும். பின்சீட்டுப் பிள்ளை அழுத்திவிட்ட அந்தப் பட்டனுக்காக மோட்டாரையே மாற்றிய பில்கள் ஊரில் குறைவில்லை.

மோட்டார் பக்கம் சோதனை இப்படி. மோட்டார் கனெக்டரைக் கழற்றுங்கள். சாவி ஆன். டெஸ்ட் லேம்பின் ஒரு வயரை பேட்டரி பிளஸில் பிடித்து, மறுவயரை ஹார்னஸ் (வயர்க்கட்டு) பக்கத்தின் இரண்டு பின்னிலும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எதையும் அழுத்தாத நிலையில் இரண்டிலும் பல்பு முழுப் பிரகாசமாக எரிய வேண்டும். ஒன்றில் மங்கினால் அந்த வயரின் எர்த் பாதை கெட்டிருக்கிறது. பிறகு பல்பை அந்த இரண்டு பின்னுக்கு நடுவே மாட்டி மேலே, கீழே அழுத்துங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி எரிந்தால் வயரிங் சரி, மோட்டாரைச் சந்தேகியுங்கள். மோட்டாரை நேரடியாக 12 வோல்ட்டில் சோதிப்பதானால் 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, ஒரு விநாடிக்கு மேல் வேண்டாம். கண்ணாடி முனையில் முட்டி நின்றால் மோட்டார் 20, 30 ஆம்பியர் கூட இழுக்கும். உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு அறுத்துவிட்டால் ஆறும்வரை மோட்டார் அசையாது, நல்ல மோட்டாரையும் செத்ததென்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

ஆட்டோ அப் உள்ள ஓட்டுநர் மோட்டார் வேறு. அதில் இரண்டு தடித்த வயரோடு மூன்று நான்கு மெல்லிய வயர்களும் போகும். மெல்லியவை மோட்டார் சுற்றுவதை எண்ணும் சென்சாருக்கானவை. அவற்றில் 12 வோல்ட்டை நேரடியாக வைத்தால் சென்சார் போய்விடும். ஆட்டோவும் போகும், விரல் சிக்கினால் நிற்கும் பாதுகாப்பும் போகும்.

புதிய கார்களில், குறிப்பாக ஐரோப்பிய வண்டிகளில், சுவிட்சிலிருந்து மோட்டாருக்கு நேர் வயரே இருக்காது. லின் என்ற ஒற்றை வயர் செய்தி வழியில் கட்டளை போகும், மோட்டாரோடு ஒட்டிய மாட்யூல் அதைப் படித்து ஓட்டும். லின் வயர் சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்டேஜைக் காட்டும், செய்தி ஓடும்போது மீட்டரில் அது இறங்கித் தள்ளாடும். இந்த வயரில் பல்பு வேண்டாம், ரிலே வேண்டாம், எதையும் வெட்டிச் சேர்க்கவும் வேண்டாம். மாட்யூல் கனெக்டரில் தடித்த பிளஸும் எர்த்தும் சுமையோடு சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, மீதியை ஸ்கேனர் உள்ளவரிடம் விடுங்கள்.

மெதுவாக ஏறும் கண்ணாடி

மெதுவாக ஏறினால் எல்லாரும் மோட்டாரையே குற்றம் சொல்வார்கள். மோட்டார் ஓடும்போதே அளந்து பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸில், மறுமுனை மோட்டாரின் பிளஸ் பின்னில்: அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தொலைகிறது. எர்த் பக்கத்தில், மோட்டாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. மாஸ்டர் வழியாகச் சுற்றி வரும் எர்த் என்பதால் பயணிகள் கதவில் இது சற்றே கூடுதலாக இருக்கும். ஒரு வோல்ட்டைத் தொட்டால் கோளாறுதான். இரண்டு பக்கமும் சரி, ஆனாலும் மெதுவாக ஏறுகிறதென்றால் ரப்பர் சேனலில் இறுக்கம். அதற்கு சிலிக்கான் ஸ்பிரே போதும், வயரிங்கைத் தொட வேண்டியதில்லை.

வயர் தடிமன் கணக்கு எளிது. 0.5 சதுர மி.மீ. தாமிர வயர் மீட்டருக்கு சுமார் 34 மில்லி ஓம். 3 மீட்டர் போய் 3 மீட்டர் திரும்பினால் 0.2 ஓம், 10 ஆம்பியரில் 2 வோல்ட் காணாமல் போகும். 1.25 சதுர மி.மீ. போட்டால் அதே தூரத்தில் 0.8 வோல்ட், 2 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட். மோட்டாருக்கு 1.25-க்குக் குறையாமலும், பொதுவான பிளஸ் லைனுக்கு 2-ம் வையுங்கள். ரிலே சிக்னலுக்கு 0.5 தாராளம். புது பிளஸ் லைன் இழுத்தால் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ஃபியூஸுக்கு முந்திய வயரை யாரும் காப்பாற்றுவதில்லை.

ரிலே வைத்து மாற்றுவது

சுவிட்ச் காண்டாக்ட் கருகிய பழைய வண்டிக்கு, ஒரு கண்ணாடிக்கு இரண்டு ரிலே போட்டால் சுவிட்சில் கால் ஆம்பியர்கூட ஓடாது. ஐந்து பின் ரிலே இரண்டு. ஒவ்வொன்றிலும் 30-ஆம் பின் மோட்டாரின் ஒரு வயருக்கு, 87 ஃபியூஸ் வழி பிளஸுக்கு, 87ஏ எர்த்துக்கு. 85-ஐ எர்த்துக்கும் 86-ஐ சுவிட்சின் மேல் அல்லது கீழ் வயருக்கும் கொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் மோட்டாரின் இரண்டு முனையும் பிளஸில் நிற்கும், மோட்டார் அசையாது, ஷார்ட்டும் ஆகாது.

ஒரு பொறி இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சில ஐந்து பின் ரிலேக்களில் நடுப்பின் 87ஏ அல்ல, இன்னொரு 87. அதை எர்த்தில் மாட்டினால் ரிலே இழுத்த நொடியில் பிளஸும் எர்த்தும் நேராகச் சேரும். ரிலே உடம்பில் அச்சான படத்தைப் பாருங்கள், மாட்டுமுன் 30-க்கும் நடுப்பின்னுக்கும் பீப் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால்தான் அது 87ஏ. ரேட்டிங்கில் 40/30 என்று இரண்டு எண் இருந்தால் சிறியது 87ஏ பக்கத்துக்கு. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை 86 பக்கம். அது இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும் மின்னழுத்த உதை சுவிட்சையோ மாட்யூலையோ தாக்கும். ஏற்கெனவே டயோடு உள்ள ரிலே என்றால் 85, 86-ஐ மாற்றி மாட்டக்கூடாது.

ரிலேக்களைக் கதவுக்குள் வைக்காதீர்கள். கண்ணாடி வழி இறங்கும் தண்ணீர் அங்கேதான் ஓடுகிறது. டேஷ்போர்டுக்குக் கீழே, பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள்.

கதவு லாக்

தொழிற்சாலை லாக் அசெம்பிளியில் பொதுவாக மோட்டாருக்கு இரண்டு பின், லாக் நிலையைச் சொல்லும் சுவிட்சுக்கு இரண்டு, ஓட்டுநர் கதவில் சாவித் துளை சுவிட்சுக்கு மேலும் இரண்டு மூன்று. படமே இல்லாமல் பிரிக்கலாம். கனெக்டரைக் கழற்றி ஓம் அளக்கும்போது சில ஓம் காட்டும் ஜோடி மோட்டார். லாக் நெம்பை கையால் மேலும் கீழும் தள்ளும்போது திறந்து மூடும் ஜோடி நிலை சுவிட்ச். சாவியைத் திருப்பும்போது மட்டும் மாறுவது சாவித் துளை சுவிட்ச். கதவு திறந்திருக்கும்போது லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிச் சோதித்தால், முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அதைத் திறந்துவிடுங்கள். மறந்துபோய்க் கதவை மூடினால் லாட்ச் வளையும்.

கடையில் விற்கும் சென்ட்ரல் லாக் கிட்டில் இரண்டு வகை ஆக்சுவேட்டர் (லாக்கைத் தள்ளி இழுக்கும் சிறு மோட்டார்) வரும். இரண்டு வயர் ஆக்சுவேட்டர் சொன்னதைச் செய்யும். ஐந்து வயர் ஆக்சுவேட்டர் ஓட்டுநர் கதவுக்கு. வழக்கமான நிறம் இது: நீலம், பச்சை மோட்டாருக்கு, கறுப்பு பொது, வெள்ளை, பழுப்பு சிக்னலுக்கு. கண்ட்ரோல் பெட்டியிலிருந்து சிவப்பு பிளஸுக்கு (ஃபியூஸோடு), கறுப்பு எர்த்துக்கு, மற்ற நான்கும் அதே நிறத்தோடு. எல்லாக் கதவின் நீலமும் ஒன்றாக, பச்சையும் ஒன்றாக. ஒரு கதவு மட்டும் மற்றவற்றுக்கு எதிராக லாக் ஆனால் அந்த ஆக்சுவேட்டரின் நீலம், பச்சையை மாற்றினால் போதும். ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்றவை திறந்தால் வெள்ளை, பழுப்பை மாற்றுங்கள். நிறம் வேறாக வந்திருந்தால், நெம்பை அசைக்கும்போது மாறாமல் சில ஓம் காட்டும் ஜோடி மோட்டார், மீதி மூன்றில் இரண்டோடும் மாறி மாறிச் சேர்வது பொது வயர்.

ரிமோட் மாட்யூல் சேர்க்கும்போதுதான் அதிக சேதம். காரின் லாக் வயர் எந்த வகை என்று தெரியாமல் இணைத்தால் லாக், விளக்கு போன்றவற்றை இயக்கும் பாடி கண்ட்ரோல் மாட்யூலே போகலாம். மீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, லாக் பட்டனிலிருந்து வரும் வயரை அளங்கள். சும்மா இருக்கும்போது 12 அல்லது 5 வோல்ட், அழுத்தினால் பூஜ்யம் என்றால் நெகட்டிவ் டிரிகர், அதாவது எர்த் கொடுத்தால் வேலை செய்யும் வகை. சும்மா இருக்கும்போது பூஜ்யம், அழுத்தினால் 12 என்றால் இரண்டு சாத்தியம்: பாசிட்டிவ் டிரிகர், அல்லது எர்த்தில் ஓய்வெடுக்கும் மோட்டார் வயர். பேட்டரியைக் கழற்றி அந்த வயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் அளந்தால் பிரியும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மோட்டார் வயர். அழுத்தும்போது 5-லிருந்து 2, 3 வோல்ட் என்று அரைகுறையாக இறங்கினால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. ஒரே வயரில் லாக்கும் அன்லாக்கும் வெவ்வேறு வோல்டேஜில் போகின்றன. அதை நேராக எர்த்தில் தட்டினால் சரியான கட்டளை போகாது, பட்டனில் உள்ள அதே ரெசிஸ்டர் மதிப்பு வேண்டும்.

மாட்யூலில் லாக்குக்கு மூன்று வயர், அன்லாக்குக்கு மூன்று. ஒவ்வொரு மூன்றும் ஒரு ரிலேயின் பொது, ரிலே சும்மா இருக்கும்போது பொதுவோடு சேர்ந்திருக்கும் மூடியது, சேராமல் நிற்கும் திறந்தது. கரண்ட் இல்லாமல் பீப் வரும் இரண்டும் பொதுவும் மூடியதும், தனியாக நிற்பது திறந்தது. மாட்யூலுக்கு 12 வோல்ட் கொடுத்து ரிமோட்டை அழுத்தும்போது அந்தத் தனி வயரோடு சேர்வதே பொது. நெகட்டிவ் டிரிகர் என்றால் பொதுவை எர்த்துக்கு, திறந்ததைக் கார் வயருக்கு. மூடியதை ஒவ்வொன்றாகத் தனித்தனியே உறை போட்டு மூடுங்கள். பாசிட்டிவ் என்றால் பொதுவுக்கு ஃபியூஸ் வழி 12 வோல்ட். மோட்டாரை நேரடியாக ஓட்டுவதானால் பொது மோட்டாருக்கு, மூடியது எர்த்துக்கு, திறந்தது ஃபியூஸ் வழி 12 வோல்ட்டுக்கு. எர்த்தில் ஓய்வெடுக்கும் வயரை வெட்டி நடுவில் நுழைத்தால் பொது கதவுப் பக்கம், மூடியது பழைய சுவிட்ச் பக்கம், திறந்தது பிளஸ்.

பல மாட்யூல்களில் 0.5 விநாடி, 3.5 விநாடி என்று ஒரு ஜம்பர் இருக்கும். நீண்டது பழைய மெர்சிடிஸ் போன்ற காற்றுப் பம்ப் லாக்குகளுக்கு. மின் ஆக்சுவேட்டரில் அதை வைத்தால் முட்டி நின்றபடி மூன்று விநாடி சூடேறும், சீக்கிரம் போய்விடும்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர்

சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடும், 10 ஆண்டு தாண்டிய கார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. தனியார் வாடகைக் கார்களாக ஓடியவை என்றால் பின்கதவு ரப்பரையும் பாருங்கள், நாள் முழுக்கத் திறந்து மூடுவது அந்தக் கதவைத்தான். கதவைப் பாதி திறந்து ஆட்டியபடியே சுவிட்சை அழுத்தும்போது கண்ணாடி விட்டு விட்டு ஓடினால் வேறெங்கும் தேட வேண்டாம். ரப்பரை இரண்டு பக்கமும் கழற்றி நகர்த்தி, ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளே தாமிரம் அறுந்த வயர் ரப்பர்போல நீளும், வெளி உறை முழுசாகவே இருக்கும்.

அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் சில வாரங்கூட நிற்காது. வயர் மடங்கும் பகுதியில் இணைப்பே இருக்கக்கூடாது. ரப்பருக்கு இரண்டு பக்கமும் 10 செ.மீ. தள்ளி வெட்டி, நடுவில் மெல்லிய இழை நிறைய உள்ள நெகிழ்வான புது வயர் கொடுங்கள். சாலிடர் வேண்டாம். சாலிடர் ஊறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் திரும்ப உடையும். கிரிம்ப் செய்து பசை டியூப் போடுங்கள். பத்து வயர் இருந்தால் இணைப்புகளை 3 செ.மீ. இடைவெளியில் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒரே இடத்தில் குவித்தால் ரப்பருக்குள் நுழையாது. வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பைக் கதவுக்குள் பயன்படுத்தாதீர்கள், நம் ஈரப்பதத்தில் அது பச்சை பூத்துவிடும்.

வேன்களின் பவர் ஸ்லைடிங் கதவில் வயர் சங்கிலி போன்ற பாதையில் ஓடும். அங்கே அறுந்தால் ஒட்டுப்போட வேண்டாம், அந்த ஹார்னஸையே மாற்றுங்கள்.

திரும்ப மூடும்போது

பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டுவிடும் பட்டறைகள் உண்டு. அந்தத் தாள்தான் கதவுக்குள் வரும் மழைநீர் உங்கள் கார்ப்பெட்டுக்கு வராமல் கீழ்த் துளை வழியாக வடியச் செய்கிறது. கறுப்பு பியூட்டைல் பசையைச் சூடேற்றித் திரும்ப ஒட்டுங்கள், போதாவிட்டால் புது பியூட்டைல் டேப். வினிகர் வாடை வரும் சிலிக்கானை மட்டும் தொடாதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் தாமிரத்தை அரிக்கும். கதவின் அடிப்பக்க வடிகால் துளைகளை ஒரு டூத்பிக் விட்டுத் திறந்துவிடுங்கள். கனெக்டருக்குப் போகும் வயரைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள், நீர் கனெக்டருக்கு வராமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டும். கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டக் கொடுக்கும்போது மாஸ்டர் சுவிட்ச் மேல் துண்டு போடச் சொல்லுங்கள். தெளிக்கும் சோப்புத் தண்ணீர் அதற்குள் இறங்கி, சில நாளில் கண்ணாடி தானாக இறங்கத் தொடங்கும்.

பேட்டரி கழற்றியதால் ஆட்டோ கண்ணாடி முழுசாக மூடும் இடத்தை மறந்திருக்கும். ஒரு அழுத்தலில் ஏறாது, அல்லது ஏறிப் பாதியில் திரும்ப இறங்கும். பழுதென்று எண்ணித் திரும்பவும் பேனலைப் பிரிக்காதீர்கள். என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியைக் கடைசிவரை இறக்கி, பட்டனை இழுத்துப் பிடித்து முழுசாக ஏற்றி, மூடியபிறகும் இரண்டு மூன்று விநாடி விடாமல் பிடியுங்கள். பெரும்பாலான மாடலுக்கு இதுவே போதும், சிலவற்றில் கையேட்டில் வேறு வரிசை இருக்கும். ஆட்டோ திரும்பியதும், சுருட்டிய செய்தித்தாளைக் கண்ணாடிப் பாதையில் வைத்து ஆட்டோவில் ஏற்றுங்கள். தாளை நசுக்காமல் கண்ணாடி நின்று கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் கதவில் ஆட்டோவைப் பயன்படுத்தாமல், மோட்டாரின் சென்சார் வயர்களைத் திரும்பப் பாருங்கள்.